பிரதி செய்வோர் தர்மம்

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்பது நம்மவர் பழமொழி. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதுங்கால் ஓரெழுத்து நழுவும். அதனைப் பார்த்து எழுதுவோன் கையில் ஒரு சொல் நழுவும். நான்காம் தலைமுறைப் பிரதியில் மூலத்தின் பொருளே மாறி நிற்கும். ஏட்டுக்கு நேர்ந்த இக்கதி யந்திர யுகத்தில் நாதத்துக்கும் நேர்ந்தது. அக்கதியைத் தடுத்து நிறுத்தியவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுமல்லர், பெருமுதலாளிகளுமல்லர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு வாத்தியகோஷ்டியின் ரஸிகர்களான சாதாரண ஜனங்கள், எவருடைய கட்டளையுமின்றி, கூலியுமின்றி, இக்காரியத்தில் இறங்கினார்கள். அவ்வரலாறு பொதுப்பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்துகொள்ளத் தக்கது என்று கருதியே இன்று அதனை எடுத்துரைக்கிறோம்.

"ராக் சங்கீதத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். அச்சங்கீதத்துக்கு வக்காலத்து வாங்க நாம் முன்வரவில்லை. அது சிலருக்கு இனிக்கும், சிலருக்குக் கசக்கும். ஆனால் பொதுச் சொத்து ஒன்று எவ்வாறு காக்கப்படுகிறது, எவ்வாறு பாழாகிறது என்ற விஷயத்தில் ருசி பேதத்துக்கு இடமில்லை.

கோஷ்டியும் அதன் பெயரும்

நாம் குறிப்பிடும் கோஷ்டியின் பெயர் "கிரேட்ஃபுல் டெட்". 1965-ம் வருஷம் காலிபோர்னியா மாகாணத்துப் பாலோ ஆல்டோ நகரில் அது தோன்றிற்று. மிஸ்டர் ஜெர்ரி கார்ஸியா, மிஸ்டர் பாப் வியர், மிஸ்டர் ஃபில் லெஷ் முதலியோர் அதன் தூண்கள். பெயரின் பொருள் "நன்றியுள்ள பிரேதம்" என்பதாகும். பல தேசங்களில் வழங்கும் ஒரு பழங்கதையிலிருந்து வந்தது இப்பெயர். கடனைத் தீர்க்காமல் இறந்தவனொருவனுடைய சடலம் அடக்கமின்றிக் கிடக்கிறது. அவ்வழியே வந்த யாத்திரீகன் தன் கைப்பொருளைக் கொடுத்துக் கடனைத் தீர்த்து, சடலத்தை அடக்கம் செய்கிறான். பின்னொரு நாள் யாத்திரீகனுக்கு ஆபத்து வந்தபோது, இறந்தவனுடைய ஆவி வந்து அவனைக் காக்கிறது. கதை இவ்வளவே. நேயர்கள் இதனை நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறோம்; பின்னர் இது பயன்படும்.

இக்கோஷ்டியார் முப்பது வருஷங்களில் சுமார் 2,300 கச்சேரிகள் செய்தார்கள். கடைசிக் கச்சேரி 1995-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி சிகாகோ நகரில் நடந்தது. சரியாக ஒரு மாதத்தில், ஆகஸ்டு 9-ந் தேதி, மிஸ்டர் கார்ஸியா காலமானார். மற்றவர்கள் அந்தப் பெயரை அத்துடன் கைவிட்டார்கள்.

ஒரு கச்சேரியைக் கேட்டால் எல்லாவற்றையும் கேட்டதாகும் என்று இவர்கள் விஷயத்தில் சொல்ல முடியாது. மேடையிலே மனோதர்மத்துக்கு முதலிடம் கொடுத்தவர்கள் இவர்கள். "டார்க் ஸ்டார்" என்னும் அவர்களுடைய உருப்படி ஒன்று, 1968-ல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. மறு வருஷம் வெளிவந்த கச்சேரிப் பதிவில் அதே உருப்படி 23 நிமிஷங்களுக்கு மேல் விரிந்தது. ஆகவே அவர்களுடைய சங்கீதம் விலைக்கு விற்ற தட்டுகளில் இல்லை. அந்தந்த இரவில் இருந்தது. அந்த இரவு போனால் அதுவும் போயிற்று. இதனை ரஸிகர்கள் முதலிலேயே உணர்ந்துகொண்டார்கள்.

திருட்டா, தொண்டா?

சபையிலே மைக்கைத் தூக்கிப் பிடித்துக் கச்சேரியைப் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் 1970-களின் தொடக்கத்திலேயே பரவிற்று. வியாபாரத்தில் கண்ணாயிருந்த வேறு கோஷ்டியார் பலர் இத்தகையோரைத் திருடர் என்று பிடித்து வெளியே தள்ளினார்கள். கிரேட்ஃபுல் டெட் கோஷ்டியாரோ பெரும்பாலும் கண்டும் காணாமலிருந்தார்கள். வாசித்து முடித்த சங்கீதம் கேட்டவர்களுக்கே உரியது என்பது மிஸ்டர் கார்ஸியாவின் கொள்கை. 1974-ல் தோன்றிய "ரெலிக்ஸ்" என்ற பத்திரிகை, இவ்வாறு டேப் பரிமாறிக்கொள்வோரின் செய்தித் தாளாகவே பிறந்தது.

மைக்குகள் சபையில் காடுபோல் வளர்ந்து மற்றவர்களுக்கு இடைஞ்சலானபோது, கோஷ்டியார் தடையுத்தரவு போடவில்லை. 1984-ம் வருஷம் அக்டோபர் மாதம் முதல், ஒலி நிர்வாக மேஜைக்குப் பின்னால் பதிவாளர்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் விற்றார்கள். ஒரே நிபந்தனைதான்: பதிவை எவரும் பணத்துக்கு விற்கலாகாது. ரஸிகர்கள் இந்நிபந்தனையைச் சட்டத்தினும் மேலாகப் போற்றினார்கள். புதிதாய் வந்தவன் இரண்டு வெற்றுக் காஸெட்டுகளையும் திருப்பியனுப்பும் தபால் செலவையும் அனுப்பினால், முன்பின் அறியாத ஒருவர் தம் பொழுதைச் செலவழித்துப் பதிவு செய்து அனுப்புவார். வாங்கியவன் அடுத்தவனுக்கு அவ்வாறே செய்யக் கடமைப்பட்டவன்.

இதனால் கோஷ்டியார் நஷ்டமடைந்தார்களா? இல்லை. 1980-களின் இறுதியில் அவர்களுடைய கச்சேரிகளுக்குக் கூடிய கூட்டம், அத்தேசத்திலேயே மிகப் பெரிய கூட்டங்களுள் ஒன்று. இனாமாய்ச் சென்ற டேப் ஒவ்வொன்றும் ஒரு பிரசாரகனாக வேலை செய்தது. கொடுத்தது குறையவில்லை, பெருகிற்று.

தலைமுறைக் கேடு

எனினும் ஒரு குறை இருந்தது. காஸெட்டிலிருந்து காஸெட்டுக்குப் பிரதி எடுக்கும்போதெல்லாம் நாடாவுக்கே உரிய இரைச்சல் ஒரு பங்கு கூடும். மேல்ஸ்தாயி நாதங்கள் மங்கும். யந்திரத்தின் வேகம் சிறிது பிசகினால் சுருதியே நகர்ந்துவிடும். ஐந்தாம் தலைமுறைப் பிரதியில் கிட்டாரின் நுனி மழுங்கி, பாடுபவர் ஏதோ சுவருக்கு அப்பாலிருந்து பாடுவதுபோல் தோன்றும். அன்பினால் கொடுக்கும் ஒவ்வொரு கொடையும் கொடுக்கப்படும் பொருளைச் சிறிது கொன்றது. பழமொழி பலித்தது.

பின்னர் ஒலியை எண்களாக்கும் முறை வந்தது. காம்பாக்ட் டிஸ்க் என்னும் தட்டில், ஒலியலையின் உயரம் ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்ட எண். இடம், வலம் இரண்டு வாய்க்கால்களையும் சேர்த்தால் விநாடிக்கு 14,11,200 பிட். மூன்று மணி நேரக் கச்சேரிக்குச் சுமார் 190 கோடி பைட் ஆகும். எண்ணைப் பார்த்து எண்ணை எழுதினால் பிசகில்லை. நூறாவது பிரதியும் முதற்பிரதியே. ஆனால் இத்துணைப் பெரிய சுமையை 1990-களின் டெலிபோன் கம்பி வழியாக அனுப்புவது எறும்பு மலையைச் சுமந்த கதையாயிருந்தது.

இச்சுமையைக் குறைக்க இரண்டு வழிகள் தோன்றின. முதலாவது வழி எம்.பி.3. மனிதச் செவி எதைக் கவனியாது என்று கணக்கிட்டு, அதனை எறிந்துவிடுவது இம்முறை. விநாடிக்கு 1,28,000 பிட் என்ற அளவில் வைத்தால், மேற்சொன்ன கச்சேரி 17 கோடி 28 லட்சம் பைட்டில் அடங்கிவிடும். அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. எறியப்பட்டது எறியப்பட்டதுதான், திரும்ப வராது.

இரண்டாவது வழியே லாஸ்லெஸ் எனப்படும் இழப்பில்லாச் சுருக்கம். இதன் நுட்பத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மளிகைக் கடைக் கணக்கன் அரிசி விலையைத் தினந்தோறும் முழுதாக எழுதாமல், "நேற்றைக்கு மேல் 2 ரூபாய்", "நேற்றைக்குக் கீழ் 1 ரூபாய்" என்று மட்டும் குறித்து வருவதாக வைத்துக்கொள்வோம். சிறிய எண்களே எழுதினாலும் முழுக் கணக்கையும் அணுவும் பிசகாமல் மீட்டுவிடலாம். அதுபோலவே முந்திய சில அளவுகளைக்கொண்டு அடுத்த அளவு இன்னதாயிருக்கும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறுகிய குறிகளால் எழுதுவது இம்முறை. பெரும்பாலும் பாதிக்குச் சற்று மேற்பட்ட அளவுக்குச் சுமை குறையும். விரித்துப் பார்த்தால் ஓர் எண்ணும் காணாமற்போயிராது. 1990-களில் "ஷார்ட்டன்" என்ற முறை வழங்கிற்று. 2001-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மிஸ்டர் ஜோஷ் கோல்சன் வகுத்த "ஃப்ளாக்" என்னும் முறை பூர்த்தியாகி வெளிவந்து, அதன் இடத்தைப் பிடித்தது. இதனை யாரும் கட்டணமின்றி உபயோகிக்கலாம். உள்ளே இருப்பதைப் பார்த்துத் திருத்தவும் செய்யலாம். 2024-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சர்வதேச இணைய அமைப்பினர் இதனை முறைப்படி ஏற்று, விதிகளாக வெளியிட்டிருக்கிறார்கள்.

செவி என்ன சொல்கிறது?

கேட்பதற்கு இவ்விரண்டிலும் வித்தியாசம் உண்டா? நாமே சோதித்தோம். 1977-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி, இதாகா நகரில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பார்ட்டன் மண்டபத்தில் நடந்த கச்சேரி, ரஸிகர்கள் பலர் தலைசிறந்ததென்று கொண்டாடுவது. 2017-ல் முறைப்படி வெளியான அதன் பதிவை இழப்பில்லா வடிவிலும், அதனையே நாம் குறைந்த அளவு எம்.பி.3 ஆக்கிய வடிவிலும், ஓர் இரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாறி மாறிக் கேட்டோம்.

குறைந்த எம்.பி.3-ல், தாளத் தகட்டின் ஒலி தண்ணீரில் நனைந்ததுபோல் குழைந்தது; பாட்டு முடிந்து சபையார் கரகோஷம் செய்தபோது, ஆயிரம் கைகள் தட்டும் ஒலி தனித்தனியாய்க் கேளாமல் ஒரே மழையிரைச்சலாயிற்று. இழப்பில்லா வடிவில் இரண்டு முரசுக்காரர்களும் இடமும் வலமும் பிரிந்து நின்றார்கள். "ஸ்கார்லெட் பிகோனியாஸ்" என்னும் உருப்படியிலிருந்து "ஃபயர் ஆன் தி மவுண்டன்" என்பதற்கு அவர்கள் நழுவிச் செல்லும் இடத்தில், எந்தக் கணத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கிற்றென்று அறியாமல் மூச்சைப் பிடித்திருந்தோம். வெளியே வந்த ரஸிகர்கள் மே மாதத்தில் பனி பெய்திருக்கக் கண்டார்களாம். நமக்குப் பனி இல்லை. ஆனால் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

ஆயினும் உண்மையை மறைப்பது பத்திரிகை தர்மமன்று. எம்.பி.3-ன் அளவைப் பெருக்கி மறுபடியும் சோதித்தபோது, எது முழுமை, எது குறை என்று நம்மால் நிச்சயமாய்ச் சொல்லக்கூடவில்லை. கூர்ந்த செவியுடையோரும் பல சமயம் இதில் தோற்றுப்போகிறார்கள். அப்படியானால் முழுமைக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். கேட்பவனுக்கு ஒருகால் வேண்டாம். காப்பவனுக்கு அவசியம் வேண்டும். ஏனெனில் குறைந்ததிலிருந்து மறுபடியும் குறைத்தால் கேடு ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறும். நாளைக்கு ஒருவன் இரைச்சலை நீக்கவோ, பிசகிய சுருதியைத் திருத்தவோ முற்பட்டால், அவனுக்கு வேண்டியது முழுமூலம். இன்றைய செவிக்குப் போதுமானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிவோன், நாளைய செவியின் சார்பாகவும் தானே தீர்ப்புக் கூறிவிடுகிறான். அவ்வதிகாரத்தை அவனுக்கு யார் கொடுத்தது?

முத்திரையும் வம்சாவளியும்

இங்கே ரஸிகர்களின் ஒழுங்கைப் பாராட்டாமலிருக்க முடியவில்லை. 1998-ல் இணையத்தின் வழியே "ஈட்ரீ" என்ற பெயரில் கூடிய பரிமாற்றக்காரர்கள் சில விதிகளை வகுத்துக்கொண்டார்கள். எம்.பி.3 பரிமாற்றத்துக்கு ஆகாது என்பது ஒன்று. ஒவ்வொரு பதிவுடனும் அதன் வம்சாவளி எழுதப்பட வேண்டும் என்பது மற்றொன்று: எந்த மைக், எந்த யந்திரம், எத்தனையாம் தலைமுறை, யார் எண்ணாக்கியது, என்ன திருத்தம் செய்தது ஆகிய யாவும். மூன்றாவதாக எம்.டி.5 என்னும் முத்திரை. பதிவின் எண்கள் முழுவதையும் ஒரு கணித முறையில் அரைத்தால் 32 எழுத்துகள் கொண்ட ஒரு குறி கிடைக்கும். மூலத்தில் ஒரேயொரு பிட் மாறினாலும் அக்குறி வேறாகிவிடும். ஆகவே பெற்றவன் தன் வீட்டிலேயே முத்திரையை ஒத்துப் பார்த்து, தனக்கு வந்தது முழுமைதான் என்று அறியலாம். இதற்கு அதிகாரியின் கையொப்பம் வேண்டியதில்லை.

ஆனால் முத்திரை ஒன்றை மட்டும் சொல்லாது. எம்.பி.3-ஐ விரித்து, மறுபடியும் ஃப்ளாக் உடையில் நுழைத்து, முழுமை என்று நடமாட விடுவோரும் உண்டு. கட்டு கனமாயிருக்கும், முத்திரை ஒத்துவரும், உள்ளே சரக்கு இராது. குறைந்த எம்.பி.3-ல் பொதுவாக 16,000 அதிர்வுக்கு மேற்பட்ட நாதங்கள் கத்தரித்ததுபோல் இல்லாமலிருப்பதைப் படமாக வரைந்து பார்த்து இப்போலியைக் கண்டுபிடிக்கிறார்கள். யந்திரம் பிரதியைத்தான் காக்கும். நேர்மையைக் காக்க வேண்டியவன் மனிதன்.

வாடகை பாக்கி

இப்பொழுது பழங்கதைக்கு வருவோம். பெட்டி காண்டர் அம்மையார் இக்கோஷ்டியின் ஒலிப்பதிவாளர்களுள் தலைசிறந்தவர். 1970-களில் இவர் மேடையோரத்திலிருந்து, தமக்கெனத் தனியே ஒலிகளைச் சமன்செய்து பதிவு செய்த பெரிய டேப்புச் சுருள்களை ரஸிகர்கள் "பெட்டி போர்ட்ஸ்" என்று அழைக்கிறார்கள். பார்ட்டன் மண்டபப் பதிவும் இவருடைய கைவண்ணமே. 1980-களின் நடுவில் அம்மையாருக்கு வறுமை வந்தது. சுருள்களைப் போட்டு வைத்திருந்த கிடங்கறைக்கு வாடகை கட்ட முடியவில்லை. கிடங்குக்காரர் அறையிலிருந்ததை ஏலம் போட்டார். கோஷ்டியின் மிகச்சிறந்த இரவுகள், தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்ந்து, அந்நியர் கைக்குச் சென்றன.

வாங்கியவர் சிலரிடமிருந்து அவை ரஸிகர்கள் கைக்கு வந்தன. அவர்கள் பூஞ்சை பிடித்த சுருள்களைத் துடைத்து, பொருந்தும் யந்திரம் தேடிப் பிடித்து, பிரதி எடுத்துப் பரப்பினார்கள். கோஷ்டியாரின் சொந்தப் பெட்டகத்தில் இல்லாதவை அப்படிப் பிழைத்தன. அமெரிக்கப் பார்லிமெண்டின் புத்தகசாலையார், பாதுகாக்கத்தக்க தேசீய ஒலிப்பதிவுகளின் 2011-ம் வருஷத்துப் பட்டியலில் பார்ட்டன் மண்டபக் கச்சேரியைச் சேர்த்துக்கொண்டார்கள். சர்க்கார் கௌரவித்த அந்தப் பதிவைச் சர்க்கார் கௌரவிப்பதற்கு முன் காத்தவர்கள் பெயரில்லாத ஜனங்கள். கடனால் அடக்கமின்றிக் கிடந்த சடலத்தை வழிப்போக்கன் எடுத்த கதை, கோஷ்டியின் பெயரிலிருந்து இறங்கி வந்து கோஷ்டிக்கே பலித்தது.

கதவைச் சாத்திய நாள்

2002-ல் "இன்டர்நெட் ஆர்க்கைவ்" என்னும் பொது நிலையத்தார் கச்சேரிப் பதிவுகளுக்கென்று ஒரு பகுதி திறந்தார்கள். கிரேட்ஃபுல் டெட் பதிவுகள் ஆயிரக்கணக்கில் அங்கே சேர்ந்தன. எவரும் இழப்பில்லா வடிவில் இனாமாய் எடுத்துக்கொள்ளலாயிற்று. 2005-ம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில், கோஷ்டியின் தரப்பாரது வேண்டுகோளின்படி அக்கதவு திடீரென்று சாத்தப்பட்டது. இணைய வியாபாரம் பெருகிவந்த காலம் அது. ரஸிகர்கள் கொதித்தெழுந்தார்கள், விண்ணப்பங்களில் கையொப்பமிட்டார்கள். கோஷ்டியாருக்குள்ளேயே மிஸ்டர் லெஷ் இச்செயலில் தமக்குச் சம்பந்தமில்லையென்று வெளிப்படையாய்ச் சொன்னார். சில தினங்களில் சமரசம் ஏற்பட்டது. சபையிலிருந்து ரஸிகர்கள் எடுத்த பதிவுகளைப் பழையபடியே எடுத்துச் செல்லலாம். ஒலி மேஜையிலிருந்து எடுத்தவற்றை அங்கேயே கேட்கலாமேயன்றி எடுத்துச் செல்லலாகாது. இன்றளவும் இதுவே ஏற்பாடு.

இதில் இரு தரப்புக்கும் நியாயமுண்டு. உழைத்தவன் பிழைக்க வேண்டும். அவன் சம்பளத்துக்கு ஆட்களை வைத்திருப்பவன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரஸிகர்கள் அன்று இழந்தது கேட்கும் உரிமையை அன்று. காக்கும் உரிமையையே இழந்தார்கள். அங்கேயே கேட்கலாம் என்பது, வாசகசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தகத்தைத் திறந்து வைப்பது போன்றது. பெட்டிக்குச் சொந்தக்காரன் உள்ளவரையில்தான் புத்தகம். பெட்டி காண்டர் அம்மையாரின் சுருள்கள் பிழைத்தது, ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பிரதிகள் இருந்ததனால் அன்றோ?

இழப்பில்லா வடிவமும் சிரஞ்சீவியல்ல. ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் பழுதாகும். ஒரே இடத்தில் வைத்த முழுமை, தீப்பற்றினால் முழுமையாகவே எரியும். பிசகில்லாத பிரதி, பல கைகளில் பிரதி என்ற இரண்டும் சேர்ந்தால்தான் காவல்.

கூட்ட நடவடிக்கைகளை எழுதுவோர், தலைவர்களின் பேச்சுகளைப் பதிவு செய்வோர், ஊர்ச் சரித்திரம் சேகரிப்போர் நமது நேயர்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். சுருக்கி அனுப்புங்கள், தவறில்லை; மூலத்தை முழுதாக வையுங்கள். எங்கிருந்து வந்ததென்று கூடவே எழுதி வையுங்கள். ஒன்றைப் பத்தாக்கிப் பத்துப் பேரிடம் கொடுங்கள். வாடகை கட்ட முடியாத நாள் எல்லோருக்கும் வரும். அன்றைக்கு நம் சடலத்தை எடுக்க யாரேனும் ஒரு வழிப்போக்கன் வருவானாகில், அவன் கையில் ஒரு முழுப் பிரதி இருக்கட்டும்.